வாங்கிப் போடலாமுங்களா?

டிரெட்மில் வாங்கிவிட்டு அதில் ஈரத்துண்டு காயப்போடுகிறவர்களைப் பற்றிப் பலரும் எழுதியாகிவிட்டது. வாங்காதவர்களைப் பற்றி எழுத எதுவும் இல்லை. இந்த இரு தரப்புக்கும் நடுவில், வாங்கலாமா வேண்டாமா என்ற யோசனையிலேயே குடியிருக்கும் ஒரு மனிதர் இருக்கிறார். ஊருக்கு ஊர் இவர் உண்டு. ஆனால் கோயம்புத்தூரில் இருப்பவருக்கு ஈடு கிடையாது. மற்ற ஊர்க்காரர் டிரெட்மில்லின் நிறத்தையும் விலையையும் பார்ப்பார். கோயம்புத்தூர்க்காரருக்கு மோட்டார் தெரியும். வினையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஐம்பத்தைந்தைத் தாண்டியவர். கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ லேத் பட்டறை வைத்திருந்து, மகன் பெங்களூருக்குப் போனதும் அதை வாடகைக்கு விட்டவர். இல்லாவிட்டால் பம்ப்செட் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை ‘பார்டர்’ல் இருக்கிறது. அந்தப் பார்டரில் பல வருடமாகக் காவல் நிற்கிறார். வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதையே டாக்டரும் சொன்னார். டாக்டர் சொன்னது நடை. இவர் காதில் விழுந்தது மிஷின்.

சென்னைக்காரர் என்றால் வெயில் மேல் பழியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்ளலாம். கோவைக்காரருக்கு அந்த வசதி இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று சும்மா வந்துகொண்டிருக்கிறது. ரேஸ்கோர்ஸில் இரண்டரை கிலோமீட்டர் சுற்றுக்கு மரநிழல். வாலாங்குளத்திலும் உக்கடம் பெரியகுளத்திலும் கரையோரம் நடைபாதை போட்டு, விளக்கும் வைத்துவிட்டார்கள். வெளியே நடக்காமல் இருப்பதற்கு இந்த ஊரில் காரணம் கண்டுபிடிப்பது லேசுப்பட்ட வேலை அல்ல. இவர் கண்டுபிடித்தார்.

“ரேஸ்கோர்ஸ்ல நடக்கப் போனா நடக்க உடமாட்டாங்க தம்பி. ஒரு ரவுண்டு முடியறதுக்குள்ள நாலு பேரு நிறுத்தி, சக்கரை எவ்வளவுன்னு கேட்டுப்போடறாங்க.”

அப்படி நிறுத்திக் கேட்கிறவர்களில் இவரும் ஒருவர் என்பது ரேஸ்கோர்ஸ் முழுக்கத் தெரியும்.

ஆக, டிரெட்மில். கடைக்குப் போகும்போது தனியாகப் போவதில்லை. சாட்சிக்கு ஒருவர் வேண்டும். அப்படித்தான் நானும் போய்ச் சேர்ந்தேன். விற்பனைப் பையன் இருபதாயிரம் ரூபாய் மிஷினில் ஆரம்பித்து லட்சத்தைத் தாண்டியது வரை வரிசையாகக் காட்டினான். புளூடூத் இருக்கிறது, பாட்டுக் கேட்கலாம், தண்ணீர் பாட்டில் வைக்க இடம் இருக்கிறது என்றான். இவர் எதையும் காதில் வாங்கவில்லை. முட்டி போட்டுக் கீழே குனிந்து முன்பக்க மூடியைத் தட்டிப் பார்த்தார்.

“எத்தன எச்.பி. கண்ணு?”

“நாலு எச்.பி. சார்.”

“ஒரு எச்.பி.க்கு 746 வாட்டு. நாலுக்கு மூவாயிரத்த ஒட்டி வருது. அப்புறம் எதுக்குக் கண்ணு ஆறு ஆம்பியர் பிளக்கு குடுத்திருக்கறீங்க? அதுல ஆயிரத்து நானூறு வாட்டுக்கூட வராதே?”

பையன் முழித்தான். “அது பீக் எச்.பி. சார்.”

“பீக்குன்னா?”

“கொஞ்ச நேரம் அந்த அளவுக்குப் போகும் சார்.”

“மிச்ச நேரம்?”

இந்த இடத்தில் மட்டும் நான் இவர் கட்சி. பெட்டி மேல் கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கும் குதிரைத்திறன் பெரும்பாலும் உச்சக் கணக்கு. தொடர்ந்து ஓடும்போது எவ்வளவு என்பதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். தினமும் நம்மைச் சுமந்து ஓடப்போவது அந்தக் கணக்குத்தான். கிணற்றுக்கு மோட்டார் வாங்கும்போது யாரும் இப்படி ஏமாற மாட்டார்கள். உடம்புக்கு வாங்கும்போது ஏமாறுகிறார்கள். கேள்வி கேட்டு முடித்த இவர் வாங்கியிருக்கலாம். ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தால் இவருக்கு இரண்டு கேள்வி பிறக்கும்.

கார்பன் பிரஷ் தேய்ந்தால் உள்ளூரில் கிடைக்குமா? ஆர்மேச்சர் போனால் நம்ம பசங்களே கட்டிக்கொள்ளலாமா, இல்லை சீல் வைத்திருக்கிறதா? பெல்ட்டுக்கும் பலகைக்கும் நடுவில் சிலிக்கான் எண்ணெய் விட வேண்டும் என்றால், பொள்ளாச்சித் தேங்காயெண்ணெய் என்ன பாவம் செய்தது? சட்டையில் மாட்டிக்கொள்ளும் அந்தச் சிவப்புக் கயிறு எதற்கு? தடுமாறி விழுந்தால் சாவி பிடுங்கிக்கொண்டு மிஷின் நின்றுவிடும் என்று பையன் சொன்னதும், “அப்போ உளுகறது உறுதிங்கற” என்றார்.

இன்வெர்ட்டரில் ஓடுமா என்றும் கேட்டார். வீட்டு இன்வெர்ட்டர் தாங்காது என்றான் பையன்.

“கரண்ட்டு போச்சுன்னா நடுவழியில நின்னு போயிருவனே!”

“எந்த வழிங்க சார்?” என்றான். அந்தப் பையன் முன்னுக்கு வருவான்.

கடையிலிருந்து ஒரு விலைப்பட்டியலோடு வீடு திரும்பினோம். வீட்டில் மின்கட்டண அட்டையை எடுத்துவைத்து அடுத்த கணக்கு. அரை மணி நடைக்குக் கால் யூனிட் என்று வைத்தாலும் இரண்டு மாதத்துக்குப் பதினைந்து யூனிட். ஏற்கெனவே இவர் வீட்டுக் கணக்கு ஐந்நூறு யூனிட்டின் விளிம்பில் நிற்கிறது. அதைத் தாண்டினால் கட்டணம் ஒரேயடியாக எகிறும் என்பது தமிழ்நாட்டில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். “நான் நடக்கறதுக்கு மூணாவது வாரத்துல இருந்து ஃபிரிட்ஜ ஆஃப் பண்ணோணும் போலயே” என்று கவலைப்பட்டார்.

வீட்டம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டே அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு வாக்கியம்தான் சொன்னார்: “ஏனுங்க, கோயமுத்தூர்ல இருந்த மில்லு எத்தனையோ மூடியாச்சு. நம்மூட்ல ஒண்ணத் தொறக்கறீங்களாக்கும்?”

மோட்டார் சரி என்று வைத்தாலும், வைப்பதற்குத் திசை வேண்டும். ஹாலில் கிழக்கே பார்த்து வைத்தால் டி.வி. முதுகுப் பக்கம் போய்விடுகிறது. மேற்கே பார்த்து வைத்தால் பூஜை அறைக்கு முதுகு காட்ட வேண்டும். வடக்கே சுவர் மூக்கில் இடிக்கும். மிச்சம் தெற்கு. தெற்குப் பார்த்து நடப்பது எமன் திசைக்கு நடப்பது.

“நீங்கதான் எங்கயும் போகப்போறதில்லையே?” என்றேன்.

“போகலைன்னாலும் பாத்த தெச பாத்ததுதானுங்க.”

மாடி அறையில் வைத்தால் என்ன? மிஷின் பலகையே தரையிலிருந்து அரையடி உயரம். அதன் மேல் இவர். சரிவுப் பொத்தானை அழுத்தினால் இன்னும் கொஞ்சம் உயரம். மேலே ஃபேன். நாற்காலி போட்டு ஏறி நின்று, இஞ்சு டேப்பால் ஃபேன் இறக்கைக்கும் மண்டைக்கும் உள்ள இடைவெளியை அளந்தார். கீழ்வீட்டுக் குடித்தனக்காரர் வேறு, சத்தம் வருமா என்று முன்கூட்டியே கேட்டுவைத்திருக்கிறார். இன்னும் வராத மிஷினுக்கு வந்த முதல் புகார் அது.

இவருடைய அக்கா மகன் பொறியியல் படிக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்தவன், படித்த படிப்பை அன்றைக்குப் பார்த்தா இறக்கிவைக்க வேண்டும்? 1818ஆம் ஆண்டில் வில்லியம் கியூபிட் என்ற இங்கிலாந்துப் பொறியாளர் டிரெட்மில்லைச் சிறைக் கைதிகளுக்காகச் செய்தார் என்று ஆரம்பித்தான். படிகள் வைத்த பெரிய உருளை. கைதிகள் வரிசையாக நின்று மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். சில சிறைகளில் அதைக்கொண்டு தானியம் அரைத்தார்கள், பல இடங்களில் எதையும் அரைக்காமல் சும்மா சுற்றவிட்டார்கள். எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டும் 1895இல் சிறைக்குப் போனபோது மிதித்தவர்தான். கொடுமை தாங்காது என்று 1898இல் சட்டம் போட்டு அதை ஒழிக்கத் தொடங்கினார்கள்.

வீட்டம்மா கரண்டியோடு நின்றுவிட்டார். “நம்மூரு ஜெயில்ல வ.உ.சி. ஐயாவ செக்கிழுக்க வெச்சாங்களே, அந்த மாதிரியா கண்ணு?”

“அந்த வெள்ளக்காரன் புத்தியேதானுங்க அத்தை.”

“அந்தப் புண்ணியவான் நாட்டுக்காக இழுத்தாரு. தவணை கட்டி இழுக்கலையே.”

அன்று சாப்பாடு முடிகிற வரைக்கும் மோட்டார் பேச்சு எழவில்லை.

ஆனால் இவர் விடுகிற ஆள் அல்ல. அடுத்த வாரமே எதிர்த்தரப்பு வாதத்தைத் தேடிப் பிடித்துவிட்டார். வில்லியம் ஸ்டாப் என்ற அமெரிக்கப் பொறியாளர், ஓடினால் இதயத்துக்கு நல்லது என்று டாக்டர் கென்னத் கூப்பர் 1968இல் எழுதிய புத்தகத்தைப் படித்துவிட்டு, வீட்டில் வைக்கிற மாதிரி மலிவு விலையில் டிரெட்மில் செய்து விற்றவர். “அவரு 96 வயசு வரைக்கும் இருந்தாரு, தெரியுமா?”

“அவரு நடந்தாருங்க” என்றார் வீட்டம்மா.

இந்த யோசனைக்காரருக்கு டிரெட்மில் அனுபவமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. மாஸ்டர் செக்கப் போனபோது நெஞ்சில் ஒயரெல்லாம் ஒட்டி ஏற்றிவிட்டார்கள். மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை வேகமும் சரிவும் கூடும். அது ராபர்ட் புரூஸ் என்ற இதய மருத்துவர் 1963இல் வகுத்த முறை. இவர் மூன்றாம் கட்டம் வரை போனதை இன்றும் சொல்வார். மூச்சு வாங்கினால் சொல்லுங்கள் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார். இவர் வாயைத் திறந்தபோது பதறிப்போய் ஓடி வந்தார்களாம். இவர் கேட்டது, “இது ஏ.சி. மோட்டாருங்களா, டி.சி.யா?”

கடைக்கு அடுத்தபடியாக இவர் போவது, ஏற்கெனவே வாங்கியவர்களின் வீடுகளுக்கு. அங்கேதான் ஒரு விசித்திரத்தைப் பார்த்தேன். டிரெட்மில் வைத்திருப்பவர் யாரும் அதைக் குறை சொல்வதே இல்லை. அதன் மேலிருந்த போர்வைகளை எடுத்துக் கட்டிலில் போட்டபடியே, “அருமையான மிஷினுங்க, கண்ண மூடிட்டு வாங்குங்க” என்கிறார்கள். அடுத்த மூச்சில், “வேணும்னா இதையே எடுத்துக்கறீங்களா?” என்றும் கேட்கிறார்கள். வடவள்ளியில் ஒரு வீட்டில் இவர் பொத்தான்களைத் தட்டி, மொத்தத் தூரம் காட்டும் இடத்துக்குப் போய்விட்டார். வாங்கிய நாளிலிருந்து ஓடியது நாற்பது கிலோமீட்டர்.

“பொள்ளாச்சி வரைக்கும் போயிருக்கறீங்க” என்றார் வீட்டுக்காரரிடம். “திரும்பி வரலையா?”

அந்த வீட்டில் பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கி உரசிக்கொண்டிருந்தது. இவர் முகம் மலர்ந்துவிட்டது. வண்டியிலிருந்து எல் கீ செட்டை எடுத்து வந்தார். பின்பக்க உருளையின் போல்ட்டைக் கால் சுற்றுத் திருகுவதும், ஓடவிட்டுப் பார்ப்பதும், குனிவதும் நிமிர்வதுமாக ஒரு மணி நேரம். பெல்ட் நடுவுக்கு வந்தது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. டாக்டர் கேட்ட வியர்வை அன்றைக்குத்தான் வந்தது. மிஷினுக்கு மேலே ஏறி அல்ல, பக்கத்தில் குத்தவைத்து.

இதற்கிடையில் வீட்டம்மா மொட்டைமாடியில் சாக்பீஸால் எட்டுப் போட்டு, தினமும் விடிகாலையில் அதன் மேல் நடந்துகொண்டிருக்கிறார். யாரையும் கேட்கவில்லை, எந்தக் கடைக்கும் போகவில்லை. இவர் ஒருநாள் மேலே ஏறிப் பார்த்துவிட்டு, எட்டின் மேல்வட்டமும் கீழ்வட்டமும் ஒரே அளவில் இல்லை என்று டேப் வைத்து அளந்து காட்டினார். அந்த அம்மா நடையை நிறுத்தாமல், டேப்பைத் தாண்டிக் காலை வைத்துப் போய்க்கொண்டே இருந்தார்.

ஆடித் தள்ளுபடி வந்து போய்விட்டது. ஆயுத பூஜைச் சலுகையில் முடித்துவிடலாம் என்றார், முடியவில்லை. இப்போது யோசனை உடற்பயிற்சி சைக்கிள் பக்கம் சாய்ந்திருக்கிறது. ஆனால் அதில் மோட்டார் இல்லை, எனவே பேசுவதற்கும் ஒன்றும் இல்லை. தீபாவளிக்குள் டிரெட்மில்லுக்கே திரும்பிவிடுவார்.

கோவைக்கார வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் ஒரு டிரெட்மில் சும்மா நின்றால், வாங்கிக்கொள்வார் என்று நம்பி இவரைக் கூப்பிடாதீர்கள். பழுது பார்க்கக் கூப்பிடுங்கள், எல் கீயோடு வந்துவிடுவார். காசு வாங்க மாட்டார். சர்க்கரை தூக்கலாக ஒரு காபி கேட்பார், அதை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.