தீவகத்துக் கிணறும் திறந்த தரவும்

கேள்வி: ஆய்வுக்குப் பணம் கொடுப்பவர்கள் தரவையும் பகிரச் சொல்வது நியாயமா?
(ஊர்காவற்றுறை வாசகர்)

பதில்: பொதுப்பணத்தில் எடுத்த தரவு பேராசிரியர் மகளின் சீதனமா, பூட்டி வைக்க? அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் 2023 ஜனவரி 25 முதல் விண்ணப்பத்தோடு தரவுப் பகிர்வுத் திட்டத்தையும் கேட்கின்றன. கிணற்றுத் தரவைப் பகிர்வது நம் யாழ்ப்பாணத் தீவகத்துக்கும் நல்லதே. நெடுந்தீவுச் சுண்ணாம்புக்கல்லுக்குள் நன்னீர் உவர்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. கூட இறைத்தால் கிணறு உவர்க்கும். பழைய அளவீடு கையிலிருந்தால் உவர் ஏறிய கணக்கும் தெரியும்.

சிக்கல் சின்ன ஊர் என்பதுதான். பெயரை நீக்கினாலும், "கோயிலுக்குக் கிழக்கே, உவர்க்கிணறு" என்றால் ஊரே வீட்டைக் காட்டும். காணி விலையும் இறங்கும். ஆகவே இருப்பிடத்தை மறைக்க வேண்டும், கிணற்றுக்காரரின் சம்மதமும் வேண்டும். அதற்குச் செலவுண்டு. அதை மானியத்திலேயே கேட்க அந்த அமெரிக்க விதி இடமளிக்கிறது. பணம் தராமல், பகிரச் சொல்லிச் சுற்றறிக்கையை மட்டும் அனுப்பும் நிதியாளர் அடுத்தவர் காணியில் தானம் செய்கிறார்.