மாறாமல் மாற்றித் தரக் கேட்பவர்

ஒரு நிறுவனத்தின் பெயரையும் இயல்பையும் பார்த்த மாத்திரத்தில் உணர்த்தும் குறி லோகோ எனப்படும். அக்குறி பழசாகிவிட்டது என்று கருதிப் புதுப்பித்துத் தரக் கேட்டு டிசைனரிடம் வருவோருள் ஒரு வகையினர் தனித்து ஆராயத் தக்கவர். இவர் பெரும்பாலும் தந்தை தொடங்கிய ஜவுளிக்கடையையோ பாத்திரக்கடையையோ நடத்துபவராகவும், அயல்நாட்டு லோகோக்களைக் கைப்பேசியில் சேமித்து வைத்து, அச்சேமிப்புக்கு ‘இன்ஸ்பிரேஷன்’ என்று பெயரிட்டவராகவும் இருப்பார்.

ஆப்பிளின் லோகோவைப் போல எளிமையாக இருக்க வேண்டும் என்பது இவரது முதற் கட்டளை. அந்த எளிமைக்குள் குலதெய்வத்தின் வேல், தாத்தாவின் படம், பூமி உருண்டை, மூன்று கிளைகளின் தொலைபேசி எண்கள் ஆகியவை அடங்க வேண்டும் என்பது இரண்டாவது. டிசைனருக்குப் பின்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு அமர்ந்து, ‘இதைக் கொஞ்சம் இப்படி நகர்த்துங்க தம்பி’ என்று இவர் விரலால் அழுத்திக் காட்டக் காட்ட, லோகோ மாறுகிறதோ இல்லையோ, திரையில் கைரேகை பெருகும். கோடுகளையும் வளைவுகளையும் கணக்காகப் பதிந்திருப்பதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத கோப்பு வெக்டர் எனப்படும். அதைக் கேட்டால், கசங்கிய விசிட்டிங் கார்டைப் புகைப்படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, இருபதடி ஃபிளெக்ஸில் அது மங்குவதற்கு அச்சகத்தாரைக் கடிந்துகொள்வார்.

கூலிப் பேச்சு எழும்போதுதான் இவரது வரலாற்றறிவு வெளிப்படும். 1971-இல் கரோலின் டேவிட்சன் என்னும் மாணவி காலணி நிறுவனமான நைக்கியின் குறியை 35 டாலருக்கு வரைந்து தந்ததை இவர் மனப்பாடமாகச் சொல்வார். 1983-இல் அந்நிறுவனம் அவருக்குப் பங்குகள் வழங்கியதை மட்டும் சொல்லமாட்டார். 1986-இல் ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் நிறுவனத்துக்கு பால் ராண்ட் என்னும் வடிவமைப்பாளர் ஒரே ஒரு வடிவத்தைத் தந்து 1,00,000 டாலர் பெற்றார் என்று டிசைனர் எடுத்துரைத்தால், ‘அதெல்லாம் அமெரிக்கா தம்பி’ என்பார். நைக்கியும் அமெரிக்க நிறுவனமே என்பது அவ்வேளையில் நினைவுக்கு வராது.

இறுதியில் எல்லா மாதிரிகளையும் மனைவி, மைத்துனர், கணக்குப்பிள்ளை, எதிர்க்கடைக்காரர் ஆகியோரிடம் காட்டியபின், பழைய லோகோவே ராசியானது என்று தீர்மானிப்பார். 2010-இல் கேப் என்னும் அமெரிக்க ஆடை நிறுவனமே தன் புதிய லோகோவை ஒரு வாரத்துக்குள் கைவிட்டுப் பழையதற்குத் திரும்பியதால், இம்முடிவைக் குறைகூற இடமில்லை. வேலை வேண்டாமென்று ஆனபின் கூலியும் வேண்டாமென்று இவர் கருதுவதே குறை. ஆகவே டிசைனர்கள் முன்பணம் கைக்கு வந்தபின் கணினியைத் திறப்பது நலம்.