அரும்பு, மொட்டு, சிக்னல்

ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிக் கற்றல், பெற்றோரோடு தொழில்நுட்பத் தொடர்பு. இவைதான் இந்த ஆண்டு இலக்கு என்று பயிற்சி முகாமில் டீச்சர் எழுதிக் கொடுத்தாயிற்று.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறது. யாருக்கு எது வருமோ அங்கிருந்து தொடங்கலாம். நல்ல யோசனைதான், பழைய வாத்தியார்கள் பெயர் வைக்காமலே இதைச் செய்தார்கள், அது வேறு கதை. எது அரும்பு, எது மொட்டு என்று டீச்சருக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும். அதைப் பதிய வேண்டிய கைபேசிச் செயலிக்குத் தெரிய வேண்டாமா? ஜன்னலோரம் சிக்னல் ஒரு கோடு, வேப்பமரத்தடியில் இரண்டு. கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி டீச்சர் மரத்தடிக்கு நடக்க, மலர்கள் பின்னாலேயே போகின்றன. அரும்புகள் வகுப்பில் சாக்பீஸ் தின்கின்றன.

தொடர்புக்கு வாட்ஸ்அப் குழு. “நாளை கணக்கு நோட்டு கொண்டுவரவும்” என்று போட்டால் வரிசையாகக் கும்பிடு, ரோஜாப்பூவோடு ஒரு காலை வணக்கம், யாரோ ஒரு சித்தப்பாவின் மனை விற்பனை. நோட்டு மட்டும் வரவில்லை.

மறுநாள் கேட்டோரம் ஒரு அப்பத்தா: “ஏம்மா டீச்சரு, போனு அவங்கப்பன்கிட்டத் திருப்பூர்ல கெடக்கு. வீடு இந்தா எதுத்தாப்புலதான். ஒரு சத்தம் குடுக்கக் கூடாதா?”