அழைப்பிலக்கணம்

நன்மாணாக்க, இறைவன் அழைத்தலும் அழைக்கப்பட்டார் எழுதலும் பற்றி இதுகாறும் தோன்றிய உரைகள் உருக்கம் மிகுந்தும் வரையறை குறைந்தும் கிடக்கின்றன. அக்குறை களையவே இந்நூல். களம் ஷா ஆலம். முன்னர் ரப்பரும் செம்பனையும் அடர்ந்த தோட்ட நிலமாய் இருந்து, 1978-இல் சிலாங்கூரின் தலைநகரான இவ்வூரில் பகுதிகள் எண்ணிட்டு வழங்கும். எண்ணிட்ட ஊரே வகைப்பாட்டுக்கு உரிய ஊர் என்க.

முதலாவது குரலியல். இறைக்குரல் நான்கு வகைப்படும்.

1. பெருங்குரல். முட்புதர் தீப்பற்றியும் கருகாது நிற்க, அதனுள்ளிருந்து எழுவது. மோசேக்கு வாய்த்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் புதர் எரிந்தால் தீயணைப்புப் படை வந்துவிடும்; ஆதலின் விடுக்க.

2. மென்குரல். ஓரேபு மலையில் எலியாவுக்குக் காற்று, நிலநடுக்கம், தீ ஆகிய மூன்றும் கடந்தபின் கேட்டது. கூட்டரசு நெடுஞ்சாலையில் மாலை ஐந்து மணிக்கு ஊர்தி ஓட்டுவார்க்கு முதல் மூன்றும் எளிதிற் கிட்டும். நான்காவது கிட்ட வானொலியை அணைத்தல் வேண்டும்.

3. வாய்வழிக்குரல். பிறர் நாவில் ஏறி வருவது. ஞாயிறு வழிபாடு முடிந்து வாயிலில் நிற்கும் அம்மையார் ஒருவர், “தம்பி, மறைக்கல்வி வகுப்புக்கு ஆளே இல்லப்பா, நீ வரலாம்லா” என்பது இதற்கு எடுத்துக்காட்டு. ஈற்று ‘லா’ அசைநிலை. இவ்வட்டாரத்தில் மிகுதியும் வழங்குவதும், மிகுதியும் அஞ்சப்படுவதும் இவ்வகையே. வழிபாடு முடிந்ததும் பக்கவாயில் வழியே வெளியேறுவார் தொகை இதற்குச் சான்று.

4. புலனக்குரல். விடியலில் வாட்ஸ்அப் எனும் புலனக் குழுவில் பூப்படத்தோடு வந்து விழும் திருமறை அடி. எல்லார்க்கும் வருவதால் எவரும் தமக்கென்று கொள்ளார்.

இரண்டாவது எழாவியல். நூலின் பெரும்பகுதி இதுவே, ஊன்றிக் கேள். கேட்டும் எழாமை ஐந்து நிலைப்படும்.

முதல் நிலை ஆள்மாறாட்டம். சிறுவன் சாமுவேல் இறைக்குரலை ஏலியின் குரலென மயங்கி மூன்று முறை எழுந்து ஓடினான். இங்கு வழங்குவது அதன் திரிபு: இவர் ஓடார், அழைப்பு பின்னிருக்கைக்காரர்க்கு உரியதெனக் கொண்டு திரும்பி மட்டும் பார்ப்பார். மயக்கம் ஒன்றே, கால் வேறு.

இரண்டாம் நிலை எதிர்த்திசை. நினிவேக்குப் போகப் பணிக்கப்பட்ட யோனா, யோப்பாவில் கட்டணம் கொடுத்துத் தர்சீசுக்குக் கப்பல் ஏறினான். பிரிக்பீல்ட்ஸ் கோவிலில் பணி செய்யப் புறப்பட்டு, ஷா ஆலம் நிலையத்தில் கேஎல் சென்ட்ரல் செல்லும் கொமுட்டர் தொடர்வண்டியை விட்டு, எதிர்மேடை ஏறிக் கிள்ளான் துறைமுகம் சேர்வார் இந்நிலையர். இருவரும் கட்டணம் செலுத்தினர். இருவர்க்கும் மீன் உண்டு. முன்னவனை மீன் விழுங்கியது. பின்னவர் மீனை விழுங்கினார். இவ்வேறுபாடு சிறிதெனக் கொள்ளற்க.

மூன்றாம் நிலை சான்றுகேட்பு. கிதியோன் ஆட்டுமயிர்த் தோலைக் களத்தில் விரித்து, ஓர் இரவு தோல் மட்டும் நனையவும், மறு இரவு தோல் மட்டும் உலர்ந்திருக்கவும் வேண்டினான். ஷா ஆலத்தில் எல்லாப் பொருளும் எல்லா இரவும் நனைந்தே இருப்பதால் இம்முறை பயன்படாது. ஆகவே இவ்வூரார் சுற்றுவட்டங்களை நாடுவர். “மூன்றாம் வெளிவழியில் ஊர்தி இல்லையேல் போவேன்” என்று வேண்டிக்கொண்டு சுற்றத் தொடங்குவர். கிதியோன் இரண்டு சான்றோடு நின்றான். வட்டத்துக்கு அவ்வரம்பு இல்லை.

நான்காம் நிலை ஏதுக்காட்டு. நான் யார், உம் பெயர் என்ன, அவர்கள் நம்பார், எனக்கு நாத்தடை, வேறொருவரை அனுப்பும் என மோசே ஐந்து ஏது காட்டினான். ஷா ஆலத்தில் இவை மூன்றாய்ச் சுருங்கும். நாவழி ஏது: “எனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது.” மக்கள்வழி ஏது: “பிள்ளைக்கு இந்த ஆண்டு தேர்வு.” 2021-இல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான யூபிஎஸ்ஆரும் 2022-இல் மூன்றாம் படிவத் தேர்வான பிடி3-உம் நீக்கப்பட்டமையால் இவ்வேது பெரிதும் மெலிந்தது, இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் இன்னும் அதனைத் தாங்கி நிற்கிறது. கல்வி அமைச்சு இதனை எண்ணியிராது. அகவைவழி ஏது: “இனிமேலா?” இது செல்லாது. சுங்கைப்பட்டாணியில் 1932-இல் பிறந்த அந்தோணி சோத்தர் பெர்னாண்டஸ் 1966-இல் அருட்பணியாளராய்த் திருநிலை பெற்று, 1983 முதல் 2003 வரை கோலாலம்பூர்ப் பேராயராயிருந்து, ஓய்ந்தபின் 2016-இல், 84-ஆம் அகவையில், மலேசியாவின் முதல் கர்தினாலாக அழைக்கப்பட்டார். அழைப்புக்கு ஓய்வூதிய வரம்பு இல்லை என்பது பெறப்படும்.

ஐந்தாம் நிலை பின்னை. “பிறகு பார்ப்போம்.” விரிக்க வேண்டா.

மூன்றாவது எழுவியல். எழுதல் ஒரு வகைத்து, உட்பிரிவு இல்லை. எழுந்தார், எழுந்தார், அவ்வளவே. தோட்டத்துப் பாட்டன் விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்குப் போய், பெயர் கூப்பிட்டதும் குரல் கொடுத்தான். கொடாவிடின் அன்றைக்குக் கூலி இல்லை. இறைவன் கூலி பிடிப்பதில்லை, பேரன் எழாமைக்கு அதுவே ஏது என்பார் உளர். மறுக்க முயன்றும் இயலவில்லை.

இறுதியாகப் புறனடை. எழுந்தும் போய்ச்சேர இடமின்றி நிற்றல் நின்றெழுகை எனப்படும். ஷா ஆலத்துக் கத்தோலிக்கர் கோவில் கட்டும் இசைவு வேண்டிக் கால் நூற்றாண்டுக்கும் மேல் காத்திருந்தனர். 2005-இல் கிளன்மேரித் தொழிற்பேட்டையில் இறையிரக்கக் கோவில் திறக்கப்பட்டது. இவர்களை ஐந்து நிலைகளுள் ஒன்றிலும் அடக்கல் ஆகாது. காலத்தாழ்வு அவர்தம் காலால் வந்ததன்று. ஒன்று மட்டும் குறிக்கத் தகும்: அத்தனை ஆண்டும் “பிறகு பார்ப்போம்” என்று சொல்ல அவர்க்கு எல்லா உரிமையும் இருந்தது.

அக்கோவிலுக்கு வந்தும், ஊர்தி நிறுத்த இடம் தேடிச் சுற்றிச் சுற்றி வழிபாடு முடியும் வேளையில் உட்புகுவாரை எழுந்தாருள் வைப்பதா எழாதாருள் வைப்பதா என்னும் ஐயம் எஞ்சியுள்ளது. அது நிறுத்தவியலில் விரித்துரைக்கப்படும். அவ்வியல் அடுத்த ஆண்டு வெளிவரும். இவ்வாண்டு நூலாசிரியரின் இளைய மகளுக்கு எஸ்பிஎம்.