லயம், லயன், லைன்

மலாய் மொழிக்குத் தாராள மனசு. பேப்பரில் இழுத்தால் 'காரிசான்'. ஆட்கள் அணிவகுத்தால் 'பாரிசான்'. டெலிபோன் தொடர்பு 'தாலியான்'. ரயில் ஓடும் தண்டவாளம் 'லண்டாசான்'. கிளினிக்கில் ஆளுக்குப் பின்னால் ஆள் நின்றால் 'பெராத்துர்'. கெடா தோட்டத்துத் தமிழனுக்கு இவ்வளவு செலவு கட்டுப்படியாகாது. துரையிடமிருந்து ஒரே ஒரு சொல்லை வாங்கி, தலைமுறை தலைமுறையாக அதையே துவைத்துத் துவைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறோம்: லைன்.

முதலில் அது வீடு. பெடோங், சுங்கை பட்டாணி, கூலிம், பாடாங் செராய் என்று கித்தாக்காடு பரவிய இடத்திலெல்லாம் நீளமாக ஒரு கட்டடம் எழுப்பி, குறுக்கே பலகை அடித்து, தடுப்புக்கு ஒரு குடும்பமாக அடைத்தார்கள். இந்தியாவில் சிப்பாய்கள் குடியிருப்புக்கு வைத்திருந்த பெயரையே வெள்ளைக்காரன் இதற்கும் வைத்தான். தமிழ் நாக்கு சும்மா இருக்குமா? லைன் லயனாகி, லயன் லயமாயிற்று. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலும் இதே கதைதான். இத்தனைக்கும் விடியுமுன் கங்காணி பேர் கூப்பிட நாங்கள் வரிசையில் நின்றதற்குப் பெயர் 'பெரட்டு'. அது 'பரேட்' பெற்ற பிள்ளை. அதற்கும் லைன் என்று சொல்லாமல் விட்டது பெரிய விஷயம்தான்.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தேவாரம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் ஒருநாள், "சுருதி தாய், லயம் தந்தை" என்று ஆரம்பித்தார். பின் வரிசையிலிருந்து ஒருவன் பணிவாக எழுந்து, "எந்த லயம் சார், மேட்டு லயமா, ஆத்தோர லயமா?" என்று கேட்டான். பிரம்படி கிடைத்தது. ஆனால் கேள்வியில் தப்பே இல்லை. பலகைத் தடுப்பு கூரை வரைக்கும் எட்டாது. ஆறாம் வீட்டில் மிளகாய் வறுத்தால் எட்டாம் வீட்டில் தும்முவார்கள். நடு வீட்டுத் தாத்தாவின் குறட்டைக்கு ஏற்றபடிதான் அந்த வரிசை முழுக்கத் தூங்கும், புரளும், எழும். இதைவிட லயசுத்தமான குடியிருப்பு வேறெங்கே? சாமி இருக்கும் இடம் ஆலயம், ஆசாமி இருக்கும் இடம் லயம் என்று எங்கள் கிராணி ஒருவர் விளக்கமே வைத்திருந்தார்.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த உறவுக்காரர் காதில்தான் அது வேறு மாதிரி விழுந்தது. "லயத்துலயா பொறந்தீங்க? குதிரைங்களோடவா?" என்று கண்கலங்கினார். அது லாயம், மாமா, இது லயம் என்று பாட்டி திருத்தினாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "துரை குதிரைக்கு எடம் இதவிடப் பெருசு" என்றாள்.

தோட்டத்தை விட்டுச் சுங்கை பட்டாணி தாமானுக்குக் குடிவந்தபோது வீட்டுக்கு 'லைன்' வந்தது. டெலிபோனைத்தான் சொல்கிறேன். எண்ணைத் தப்பாகச் சுழற்றினால் பதிவு செய்த ஒரு பெண்குரல் மலாயில் மன்னிப்புக் கேட்டு, நடுவில் 'தாலியான்' என்று ஏதோ சொல்லும். பாட்டிக்கு அதில் முதல் பாதி மட்டும்தான் விழும். ரிசீவரை அப்படியே வைத்துவிட்டுக் கழுத்தைத் தடவிப் பார்ப்பாள். "நல்ல நாளும் அதுவுமா எவ இவ, என் தாலியப் பத்திப் பேசறவ?" மலாயில் 'தாலி' என்றால் கயிறு, அதிலிருந்து வந்ததுதான் இது என்று தாத்தாவிடம் விளக்கினேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "இங்க மட்டும் என்னவாம்?" என்றார்.

இதற்கிடையில் பொம்பளைப் பிள்ளைகள் வேறொரு லைனுக்குப் போய்விட்டார்கள். 1972இல் பினாங்கு பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக மண்டலம் வந்தது, 1996இல் கூலிம் ஹைடெக் பார்க் திறந்தது. அம்மாக்கள் கித்தா மரம் சீவப் போன அதே இருட்டில் மகள்கள் பேக்டரி பஸ்ஸுக்கு நின்றார்கள். சின்னத்தை அப்படிப் போய் 'லைன் லீடர்' ஆனவள். அவளைப் பற்றி விசாரிக்க அலோர் ஸ்டாரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார்கள்.

"பொண்ணு எங்கம்மா?"

"லைன்ல இருக்கா. ஏழு மணிக்குத்தான் வருவா."

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் சுருங்கியது. "இன்னுமா லயத்து வீட்ட வச்சிருக்கீங்க?"

"அந்த லைன் இல்லலா, இது பேக்டரி லைன். நாப்பது பேருக்கு இவதான் லீடரு. ஆம்பளப் பசங்கல்லாம் இவ லைன்ல வரத்தான் அடிச்சிக்கிறானுங்க."

தமிழ்ப்படம் தவறாமல் பார்க்கும் மாப்பிள்ளையின் தம்பிக்கு இதற்கு மேல் தாங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினான். பேச்சை மாற்ற வேண்டுமே என்று பாட்டி, "மாப்பிள்ள என்ன லைனு?" என்று கேட்டு வைத்தாள். "லோரி லைன்" என்றார்கள். "அப்ப ரெண்டும் ஒரே லைன்தானே, தேதியப் பாருங்க" என்று காப்பி கலக்கப் போய்விட்டாள். கல்யாணம் நடந்தது. ஜாதகம் பார்த்திருந்தால்கூட இவ்வளவு சீக்கிரம் முடிந்திருக்காது.

இந்தச் சொல்லுக்கு ஒரு கௌரவமான வேலையும் உண்டு. ஒரு ரயிலை அனுப்புமுன் அடுத்த ஸ்டேஷனிடம் 'லைன் கிளியர்' வாங்குவது அந்தக் காலத்து ரயில்வே ஒழுங்கு. அதை எங்கள் பையன்கள் ரம்புத்தான் மரத்தடிக்குக் கொண்டு போனார்கள். காவல்காரர் கண்ணில் படவில்லை என்றால் லைன் கிளியர். அவருடைய சைக்கிள் மணி கேட்டால் லைன் கிளியர் இல்லை. பினாங்கு ரோட்டோரச் சந்தில் இதே பெயரில் ஒரு நாசி கண்டார் கடை இருக்கிறது. பெயரை நம்பிப் பசியோடு போகாதீர்கள், முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போங்கள். பிலிப்பைன்ஸ்காரர்கள் இந்த விஷயத்தில் உஷார். ஸ்பானியனிடமிருந்து கோட்டுக்கு 'லின்யா', கியூவுக்கு 'பிலா' என்று தனித்தனியாகவே கறந்துகொண்டார்கள்.

இப்போது லைன் என்றால் இன்டர்நெட். மாமியார் போன் பண்ணும்போது மட்டும் லைன் சரியில்லாமல் போகும் மர்மத்தைக் கெடா மாநிலமே அறியும்.

போன திருவிழாவுக்குப் பழைய தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போயிருந்தோம். லயங்களை இடித்துச் செம்பனை நட்டுவிட்டார்கள். கோயில் மட்டும் இருக்கிறது. சின்னத்தையின் மகன் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மண்மேட்டில் ஏறியும் இறங்கியும் பார்த்துவிட்டு, "இங்க லைனே இல்லயா?" என்று கத்தினான்.

கோயில் திண்ணையில் இருந்த பெரியவர் அவனை உட்காரச் சொன்னார். "இருந்துச்சு தம்பி. நீ நிக்கிற எடத்துலதான் எட்டு லைன் இருந்துச்சு. எல்லாத்தையும் ஒடச்சிப்புட்டானுங்க."

"எட்டா?" என்றான் அவன். "எந்தக் கம்பெனி அங்கிள்?"