அக்காவை வறுத்தா, அவிச்சா?

ஏல பேராண்டி, இப்படி வா, திண்ணையில உக்காரு. காலையில இருந்து கண்ணாடி முன்னாடி நின்னு நீ பேசுத இங்கிலீசு அடுக்களை வரைக்கும் கேக்குது. புள்ளைக்குக் காத்துக் கருப்பு அடிச்சிட்டு, வேப்பிலை ஒடிச்சிட்டு வாரேன்னு உங்க ஆச்சி கெளம்பிட்டா. நாளைக்கு மெட்ராஸ்ல அவனுக்கு இன்டர்வியூன்னு சொல்லி நான்தான் தடுத்து வச்சிருக்கேன்.

என்ன சொன்ன? "ஐ ஆம் ஹேவிங் ஒன் சிஸ்டர்." இன்னொரு தடவ சொல்லு. ம். அக்காவை எப்படி, வறுத்தா, அவிச்சா? முறைக்காத. "ஐ ஆம் ஹேவிங் காபி"ன்னா காபி குடிச்சிக்கிட்டு இருக்கேன்னு அர்த்தம். "ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்"ன்னா சோறு தின்னுக்கிட்டு இருக்கேன். அந்தப் பந்தியில கட்டிக்கொடுத்த புள்ளையக் கொண்டுபோய் உக்கார வச்சா, கேக்குத ஆபீசர் இலையைத்தானல தேடுவான்? கூடப் பொறந்தது, வீடு, வண்டி, நெலம் எல்லாம் காலையில ஆரம்பிச்சு சாயங்காலம் முடியுத வேலை இல்ல. அதுக்கு "ஐ ஹேவ்" போதும். 'இங்'குங்கிற வாலை ஒட்டாத.

இந்தக் கெழவனுக்கு இங்கிலீசு என்ன தெரியும்னு பாக்கியாக்கும். தந்தி கொண்டுபோய்க் கொடுத்தே தேய்ஞ்ச காலுல இது. "ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி." இதுல 'இஸ்' எங்கல இருக்கு? வார்த்தையை எண்ணித்தான் காசு வாங்குவாக. அப்பன் இழுத்துக்கிட்டுக் கெடக்கான், 'இஸ்'ஸுக்கு எவன் காசு குடுப்பான்? வாங்கிப் படிச்ச சனம் அழுதுச்சு, சிரிச்சுச்சு, விழுந்தடிச்சு பஸ் ஏறுச்சு. வினைச்சொல் எங்கவேன்னு ஒருத்தர் என்னைக் கேட்டதில்ல. எப்படிக் கேப்பாக? நம்ம பேச்சே தந்திதான். "அவரு என் மருமகன்." முடிஞ்சு போச்சு. "இது வேப்பமரம்." நடுவுல ஒண்ணும் வேண்டாம். வெள்ளக்காரனுக்கு அது ஆகாது. ஆளுக்கும் பேருக்கும் நடுவுல ஒரு ஆப்பு அடிச்சாத்தான் அவன் வாக்கியம் ஆடாம நிக்கும். அந்த ஆப்புதான் ஆம், இஸ், ஆர். 2013 ஜூலையோட தந்தியையே மூடியாச்சு. இனிமே நீ 'இஸ்'ஸை மிச்சம் பிடிச்சு என்ன செய்யப் போற? தாராளமாப் போடு. அதுக்காக "ஐ ஆம் அக்ரீ", "ஐ ஆம் கேம் எஸ்டர்டே"ன்னு நிக்குத வாக்கியத்துக்கும் ஆப்பு வைக்காத. அங்க வேற வினை இருக்குல்லா?

ஒத்தச் சொல்லுன்னு பேரு, எட்டு வேசம் போடும் அது. பீ, ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், பீயிங், பீன். ஒண்ணுக்கொண்ணு சாடையே இருக்காது. இருக்காதுதான். வேற வேற வேர்ல இருந்து வந்த சொல்லுகள் பழைய இங்கிலீசுலயே ஒரு கூரைக்குக் கீழ வந்து கூட்டுக்குடும்பம் ஆயிட்டு. அதுல 'ஆர்' பல பேருக்குரியது. பின்ன எதிர்ல நிக்குத ஒத்த ஆளுக்கு எதுக்கு "யூ ஆர்"? அந்தக் காலத்துல 'யூ'ன்னா நீங்க. நீன்னு சொல்ல 'தௌ'ன்னு தனியா ஒண்ணு வச்சிருந்தான். மரியாதை பாத்துப் பாத்து 'தௌ' வழக்கொழிஞ்சு போச்சு. இப்போ வெள்ளக்காரன் வீட்டுல நாய்க்கும் நீங்கதான். உன்ன மாதிரி தாத்தாவ "நீ என்ன சொல்லுத"ன்னு கேக்க அவன் பேரனால முடியாது, பாத்துக்கோ.

பசி, காய்ச்சலுக்கு வா. பசிச்சா "ஐ ஆம் ஹங்ரி", அங்க அவனே பசியா ஆயிடுதான். தலை வலிச்சா "ஐ ஹேவ் எ ஹெட்டேக்", அங்க வலி அவன் கையில இருக்கு. ஏன் அப்படின்னு கேட்டா அவனுக்கும் தெரியாது. பாண்டிச்சேரியில பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தா ஒருத்தர் எனக்குப் பழக்கம். அவரு பிரெஞ்சுல பசியையும் ஹேவ் பண்ணுவாரு, வயசையும் ஹேவ் பண்ணுவாரு. இங்கிலீசுக்காரன் 24 வயசாவே இருக்கான், பிரெஞ்சுக்காரன் 24 வருசத்தை வச்சிருக்கான். நமக்கு இந்த ரோதனையே கெடையாது. எனக்குப் பசி, எனக்குக் காய்ச்சல், எனக்கு 24 வயசு. ஒரு 'கு' போட்டா எல்லாம் நம்ம வீடு தேடி வரும். 'ஹேவ்' எங்க வருதுன்னு பிடிபடாமத்தான் நாம எல்லாரும் லீவ் லெட்டர்ல "சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்"னு மனப்பாடம் பண்ணுனது. மாங்கா திருடப் போன பயலும் சஃபரிங்தான்.

இதை விட வேடிக்கை ஒண்ணு சொல்லுதேன். "ஐ ஹேவ் ஈட்டன்"னு அவன் சொல்லுத எடத்துல நாம என்ன சொல்லுதோம்? சாப்பிட்டிருக்கேன். அவன் ஹேவ் போடுத எடத்துல நமக்கு 'இரு' வந்துட்டு. சரி, "ஐ ஆம் ஈட்டிங்"? சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். அந்தக் 'கிட்டு' யாரு? 'கொண்டு' தேய்ஞ்சு 'கிட்டு' ஆனது. அவன் வெறுமனே இருக்க, நாம பிடிச்சுக்கிட்டும் இருக்கோம். அதனால தமிழை மனசுல வச்சு வார்த்தைக்கு வார்த்தை மாத்துனா தென்காசிக்குப் போக வேண்டியவன் தூத்துக்குடியில எறங்குவ.

'ஹேவ்'வுக்கு ஆதிவேர்ல பிடி, பறின்னுதான் அர்த்தமாம். பள்ளிக்கூடத்து சார் ஒருத்தர் சொன்னாரு. வந்த எடமெல்லாம் வளைச்சுப் பிடிச்சவன் பேச்சு பின்ன எப்படி இருக்கும்னு நான் சிரிச்சேன். அவரு விடல. நம்மகிட்டயும் 'உடையேன்'னு ஒண்ணு இருந்துச்சு ஓய், பேச்சுல இருந்துதான் போயிட்டுன்னாரு. வாஸ்தவம்தான். வள்ளுவர் உடைமைன்னு பேரு வச்சே பத்து அதிகாரம் எழுதியிருக்காரு. அன்பு, அடக்கம், ஒழுக்கம், பொறை, அருள், அறிவு, ஊக்கம், ஆள்வினை, பண்பு, நாண். இதுல ஒண்ணாவது பத்திர ஆபீசுல பதியுத சாமானா?

சரி, நாளைக்குக் கதைக்கு வருவோம். பதிலை எங்கயும் போய்த் தேடாத, கேக்குதவன் முதல் வார்த்தையிலேயே கெடக்கும். "ஆர் யூ"ன்னு ஆரம்பிச்சா "யெஸ், ஐ ஆம்". "ஹேவ் யூ"ன்னா "யெஸ், ஐ ஹேவ்". "டூ யூ ஹேவ்"னு கேட்டா "யெஸ், ஐ டூ". போன தடவ "ஆர் யூ மேரிட்"னு கேட்டதுக்கு "நோ, ஐ ஹேவ் நாட்"னு சொல்லிட்டு வந்தியே, அவன் எழுந்து போனது காபி குடிக்கவா சிரிக்கவான்னு நீதான் சொல்லணும். "டஸ் ஹீ"ன்னு வந்துட்டா பின்னால 'ஹேவ்'தான், 'ஹேஸ்' கெடையாது. 'எஸ்' வாலை 'டஸ்' முன்னாடியே வெட்டி எடுத்துக்கிடும்.

எங்க, இப்போ நீ ஒரு கேள்வி கேளு பாப்போம்.

"டூ யூ ஹேவ் மணி, தாத்தா? மெட்ராஸ் பஸ்ஸுக்கு."

அடி சக்கை! இலக்கணம் சுத்தம், ஒரு பொட்டுக் குத்தம் இல்ல. ஆனா பதிலைத் தமிழ்லதான் சொல்ல முடியும், இங்கிலீசுல 'எனக்கு', 'என்கிட்ட' ரெண்டுக்கும் 'ஹேவ்'தான். எனக்குப் பென்ஷன் இருக்கு. என்கிட்ட இல்ல. உங்க ஆச்சிகிட்ட இருக்கு. வேப்பிலையோட வந்தாலும் வருவா, போய்க் கேளு.