ஒரு கணு போதும்

என் மனைவியின் கைப்பையில் மூன்று பொருள்கள் எப்போதும் இருக்கும். ஒரு நகவெட்டி, ஈரம் காயாத ஒரு கைக்குட்டை, நாலாக மடித்த பாலித்தீன் கவர். முதல் தடவை பார்த்தபோது சுத்தத்தின் மீது பெண்ணுக்கு எவ்வளவு அக்கறை என்று பெருமைப்பட்டேன். கல்யாணமாகி நாலாவது மாதம், உறவுக்காரர் வீட்டு வாசலில் செம்பருத்தியின் ஒரு போத்து நகவெட்டியால் துண்டிக்கப்பட்டு, ஈரக் கைக்குட்டையில் சுற்றப்பட்டு, கவருக்குள் போய்ச் சேர்ந்தபோதுதான் விஷயம் விளங்கியது.

“கேட்டா கொடுப்பாங்களே?” என்றேன்.

“கொடுப்பாங்க. ஆனா தழைக்காதுங்க. திருடி வச்சாத்தான் தழைக்கும்.”

மணி பிளாண்ட் விஷயத்தில் ஊரே இதை நம்புகிறது. என் மனைவி அந்த நம்பிக்கையைத் தாவர உலகம் முழுமைக்கும் விரிவாக்கம் செய்தவள். அவளைத் தாவரவியல் பூங்காவுக்குக் கூட்டிப்போவது, சர்க்கரை வியாதிக்காரரை மைசூர்பாகு கடையில் உட்கார வைத்துவிட்டு வருவது மாதிரி. இது தெரிந்தும் போகிறேன். எந்த ஊருக்குப் போனாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி, “அங்க பொட்டானிக்கல் கார்டன் இருக்கா?”

ஊட்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன். பூங்காவுக்குள் நுழையும் முன்பே, இது அரசாங்கச் சொத்து, கையை வைத்துக்கொண்டு சும்மா வரவேண்டும் என்று எச்சரித்தேன். அந்த வேகத்தில் வரலாறும் சொல்லிவிட்டேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன். 1847 வாக்கில் ஊட்டியிலிருந்த வெள்ளைக்காரர்கள் நியாயமான விலைக்குக் காய்கறி கிடைக்கவேண்டும் என்று மாதம் மூன்று ரூபாய் சந்தா போட்டு ஆரம்பித்த தோட்டம் இது. அடுத்த வருஷம் லண்டன் கியூ தோட்டத்தில் வேலை பழகிய மெக்ஐவர் என்பவர் வந்து சேர்ந்தார். அவர்தான் இதைச் சரிவு சரிவாக வெட்டிப் பூங்காவாக ஆக்கினார்.

“அப்ப இது காய்கறித் தோட்டம்தானே?” என்றாள். “காய்கறி வாங்குற இடத்துல கொசுறு எடுக்கிறது எப்பலேர்ந்து தப்பாச்சு?”

அவள் கண் வைத்தது ஒரு ஜெரேனியம். செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் குனிந்தாள். அவள் செருப்புக்கு வாரே கிடையாது. என் வேலை, மறைத்துக்கொண்டு நின்று பெயர்ப்பலகையை உரக்கப் படிப்பது. “பெ-லர்-கோ-னி-யம்” என்று எழுத்துக்கூட்டினேன். நகவெட்டி ‘டிக்’ என்றது. கணுவுக்குச் சரியாக அரை அங்குலம் கீழே, சாய்வாக. அந்தச் சாய்வு முக்கியமாம், வேர் விட நிறைய இடம் கிடைக்குமாம். இரண்டாவது ‘டிக்’ கேட்பதற்கு முன் எங்கோ விசில் ஊதினார்கள்.

எனக்கு உடம்பு முழுக்க வேர்த்துவிட்டது, அந்தக் குளிரில். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு உண்மையை ஒப்புக்கொண்டுவிடலாம் என்று திரும்பினேன். காவலாளி எங்களைப் பார்க்கவே இல்லை. புல்வெளியில் உருண்டு விளையாடிய ஒரு பையனைத்தான் விரட்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தால் மனைவி பத்தடி தள்ளி நின்று, இரண்டு கோடி வருஷத்துக் கல்மரத்தை பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பூங்காவிலேயே அவள் போத்து எடுக்க நினைக்காத ஒரே மரம் அதுதான்.

ஜெரேனியம் சென்னையில் எங்கள் பால்கனியில் வேர் பிடித்தது, பூத்தது, அடுத்த அக்னி நட்சத்திரத்தில் சிவலோகப் பதவி அடைந்தது. “உங்களுக்கு மனசாட்சி உறுத்திச்சு பாருங்க, அதான் போயிடுச்சு” என்றாள்.

கண்டிக்குப் பக்கத்தில் பேராதனைப் பூங்காவுக்குப் போனபோது நிலைமை வேறு. மகாவலி கங்கை வளைத்து ஓட, நடுவே 147 ஏக்கர். 1821-ல் ஆரம்பித்தது. மரத்துக்கு மரம், குடைக்குக் குடை, ஒவ்வொரு குடைக்கும் பின்னால் ஒரு ஜோடி. மழையும் இல்லை வெயிலும் இல்லை. அந்தக் குடைகளை மிதிக்காமல் நடப்பதற்கே தனித் திறமை வேண்டும். நாடு விட்டு நாடு செடி கொண்டுபோனால் விமான நிலையத்தில் பிடித்து வைத்துவிடுவார்கள் என்று மிரட்டி வைத்திருந்ததால், நகவெட்டி அன்று நகம் மட்டுமே வெட்டியது.

ஆனாலும் இரட்டைத் தேங்காய் மரத்தின் கீழே ரொம்ப நேரம் நின்றாள். உலகத்திலேயே கனமான விதை அதுதான். மாலத்தீவுக் கரையில் ஒதுங்கியதால் அதன் அறிவியல் பெயரில் மாலத்தீவைச் சேர்த்துவிட்டார்கள், உண்மையில் சேஷல்ஸ் தீவுக்காரர். ஒரு காய் பழுக்க ஆறேழு வருஷம். இருபது கிலோ வரைகூட எடை இருக்கும் என்று சொன்னதும் மனைவி கைப்பையை ஒருமுறை பார்த்தாள். பிறகு மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டாள். விமானத்தில் ஆளுக்கு எத்தனை கிலோ அனுமதி என்று அன்று ராத்திரி சும்மா விசாரிப்பது போல விசாரித்தாள்.

அங்கே ஒரு நாகலிங்க மரம். பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் ஆன இளவரசர் 1901-ல் நட்டது. மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள். இதன் பூர்வீகம் தென் அமெரிக்கா என்று சொன்னேன். “சிவன் கோயில் மரங்க இது” என்றாள். சொன்னது பொய்யில்லை என்று சத்தியம் செய்தேன். யோசித்துவிட்டுக் கேட்டாள்: “அப்ப அங்கேர்ந்து யாரோ எடுத்துக்கிட்டு வந்திருக்காங்க. கேட்டா எடுத்தாங்க?”

அந்தக் கேள்விதான் என் வாயை அடைத்தது. ஏனென்றால் தாவரவியல் பூங்காக்களின் வரலாறு முழுக்க நகவெட்டி வரலாறுதான். மலேரியாவுக்குக் கொய்னா எடுக்கும் சின்கோனா மரத்தை, ஆண்டிஸ் மலைக்காரர்களுக்கு விட மனசில்லாதபோதும், 1860-ல் மார்க்கம் என்ற வெள்ளைக்காரர் தலைமையில் நாற்றும் விதையுமாக வாரிக்கொண்டு வந்தார்கள். அது வந்து இறங்கியது நம் நீலகிரியில். வளர்த்தவர் அதே ஊட்டி மெக்ஐவர். அதைவிடப் பெரிய கை விக்காம் என்ற இன்னொரு வெள்ளைக்காரருடையது. 1876-ல் பிரேசிலிலிருந்து எழுபதாயிரம் ரப்பர் விதையை கியூவுக்கு அனுப்பினார். அது திருட்டா இல்லையா என்று வரலாற்றுக்காரர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். லண்டனில் வாதாடவில்லை, அவருக்கு சர் பட்டம் கொடுத்தார்கள். என் மனைவிக்கு இதுவரை கிடைத்தது ஒரு விசில், அதுவும் வேறொருவருக்கு ஊதியது.

சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் இந்தக் கதையின் மீதி இருக்கிறது. ஆர்க்கிட் தோட்டத்துக்குத்தான் டிக்கெட், மற்றபடி இலவசம். ஆனால் ஊரே அபராதத்துக்குப் பேர்போனது என்பதால் மனைவி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் மாதிரி நடந்தாள். கியூவிலிருந்து 1877-ல் இங்கே வந்தவை 22 ரப்பர் கன்றுகள். பூங்காவின் இயக்குநரான ரிட்லி, ரப்பர் போடுங்கள் ரப்பர் போடுங்கள் என்று காப்பித் தோட்ட முதலாளிகளைத் துரத்தித் துரத்தி விதையைச் சட்டைப்பையில் திணிப்பாராம். பைத்தியக்கார ரிட்லி என்றே பெயர் வைத்தார்கள். மனுஷர் நூறு வயது தாண்டி வாழ்ந்து, பைத்தியம் யார் என்று நிதானமாகப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அந்தப் பால்மரங்களைச் சீவுவதற்குத்தான் நாகப்பட்டினத்தில் கப்பலேறினார்கள் நம் ஆட்கள். என் பாட்டியின் அண்ணன் ஒருவரும் ஏறினார். மூன்று கடிதம் வந்ததாம். பிறகு கடிதமும் இல்லை, ஆளும் இல்லை. அவர் முகம் எப்படி இருக்கும் என்று சொல்ல இப்போது வீட்டில் யாரும் மிச்சமில்லை.

ரப்பர் மரத்தடியில் நின்று இதை யோசித்துக்கொண்டிருந்தபோது மேலே ‘பட்’டென்று வெடிச்சத்தம். முற்றிய காய் வெடித்து, ஒரு விதை என் காலடியில் வந்து விழுந்தது. வழவழவென்று, காடை முட்டை போலப் புள்ளி போட்டு, பெரிய ஆமணக்கு விதை மாதிரி. சுற்றும் முற்றும் பார்த்தேன். செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் குனிந்தேன். என் செருப்புக்கும் வார் கிடையாது.

வெளிநாட்டு விதையை இஷ்டத்துக்குக் கொண்டுவரக் கூடாது என்பது விமானத்தில்தான் உறைத்தது. நாலு மணி நேரம் சட்டைப்பையில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். நெஞ்சு வலியா என்று பணிப்பெண் இரண்டு தடவை கேட்டுவிட்டாள். சென்னையில் என்னை யாரும் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து பெயிண்ட் டப்பாவில் செம்மண் போட்டு ஊன்றினேன். ஒரு மாதம் காலையும் மாலையும் தண்ணீர். மண் அப்படியே இருந்தது. கடைசியில் மனைவியிடம் சொல்லிவிட்டேன்.

“ரப்பரா? குலசேகரம் பக்கம் போனா ஏக்கர் கணக்குல நிக்குதே. இதுக்கா சிங்கப்பூர்?” என்றவள், டப்பாவைக் கிளறிப் பார்த்தாள். “மரத்துலேர்ந்து பறிச்சீங்களா?”

“இல்லை, கீழே கிடந்தது. தானா விழுந்தது.”

“அப்ப எப்படிங்க முளைக்கும்?” என்றாள், மண்ணைத் தட்டிக் கொட்டியபடி.